கனவு பிடிக்க ஒரு செயலி

"யார் அவ?"

லிஃப்ட் மெக்கானிக்குக் கண் பாதிதான் திறந்திருந்தது. கனவு இன்னும் முழுசாகக் கலையவில்லை. ஜன்னல் திரையில் விழுந்த காலை வெளிச்சத்தில் அதன் ஓரம் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"எவ?"

"ஒரு மாசமா தினமும் தூக்கத்துல சிரிக்கிறீங்களே, அவ!"

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இல்லாமல் எதையும் நம்பமாட்டாள். அவரோ பதினேழு வருஷமாக ஊராரை ஏற்றி இறக்கும் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர். தன் தலைக்குள் யார் ஏறி இறங்குகிறார்கள் என்று அவருக்கே தெரியாது. என்னவோ நல்லது நடக்கிறது, தண்ணீர் மாதிரி ஏதோ தளும்புகிறது, அவ்வளவுதான். எழுந்து உட்காருவதற்குள் கரைந்துவிடும்.

"சத்தியமா ஞாபகம் இல்லம்மா."

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள எழுத்துல கொடுங்க. இல்லேன்னா நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

தூக்கக் கலக்கத்தில் நோட்டில் எழுதிப் பார்த்தார். எறும்பு மையில் விழுந்து எழுந்து போன மாதிரி இருந்தது. சரி, கம்ப்யூட்டர்தான் கதி என்று அதை ஹாலிலிருந்து தூக்கிவந்து கட்டிலோரம் வைத்தார்.

மறுநாள் விழித்த கையோடு எழுதும் செயலியைத் திறந்தார். அது சாவகாசமாக ஒரு நீலப் படம் காட்டியது. பிறகு, கடிதமா, விண்ணப்பமா, அழைப்பிதழா என்று விசாரித்தது. பதில் சொல்லி முடிப்பதற்குள் கனவு வாசல் தாண்டிப் போய்விட்டது.

மனைவியின் தம்பிக்கு போன் போட்டார். அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"அத்தான், ரெண்டு வரி எழுத எதுக்கு அவ்வளவு பெரிய செயலி? சின்னதா ஒண்ணு அனுப்புறேன். கண் சிமிட்டுறதுக்குள்ள திறக்கும்."

திறந்தது. கண்ணை மூடியபடியே அரைப் பக்கம் தட்டிச் சேமித்துவிட்டு, நிம்மதியாக மறுபடியும் படுத்தார். அவர் எழுந்தபோது மனைவி திரை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தமிழ் எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"பக்கம் பூரா கேள்விக்குறியா இருக்கு," என்றாள். "நானும் அதைத்தானே கேக்குறேன்?"

"அது அந்தச் செயலிக்குத் தமிழ் ஒத்துக்கல அத்தான்," என்றான் மைத்துனன். "நான் வேலைக்கு வெச்சிருக்கறதையே தர்றேன். அதுல வராததே கிடையாது."

கருப்புத் திரை. ஓர் எழுத்தைத் தட்டினார். ஒரு வரி காணாமல் போனது. இன்னொன்றைத் தட்டினார், காணாமல் போன வரி மூன்று தடவை வந்தது. வெளியே வரவும் வழி தெரியவில்லை. பதினொன்றாவது மாடியில் சிக்கிக்கொண்டவர்களை எல்லாம் அவர் சிரித்தபடியே மீட்டிருக்கிறார். இப்போது மீட்க ஆளில்லாமல் பிளக்கைப் பிடுங்கினார்.

"என்னமோ அழிச்சிட்டீங்க," என்றாள் மனைவி, பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே.

சனிக்கிழமைக்கு நாலாவது செயலி. முதல் எழுத்தைத் தட்டினாலே மீதியைத் தானே முடித்துவிடுமாம். அரைத் தூக்கக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்று கனவும் கைக்குள் அப்படியே நின்றது. மளமளவென்று தட்டினார். மனைவி உரக்க வாசித்தாள்.

"'நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. எதிரே கடல். ஒரு பெண் அசைந்து அசைந்து என் பக்கம் வந்தது.'" நிமிர்ந்தாள். "ஆக, பொண்ணு!"

"படகும்மா! 'ப' தட்டினேன், அதுவா பெண்ணுன்னு போட்டுடுச்சு. பாரேன், 'வந்தது'ன்னு இருக்கு! பொண்ணா இருந்தா 'வந்தாள்'னுதானே எழுதியிருப்பேன்?"

அவள் இலக்கணத்தைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பெட்டியை மூடவில்லை, ஆனால் துணியை வெளியே எடுக்கவும் இல்லை.

அன்று மாலை மைத்துனன் நேரிலேயே வந்து, செயலியின் முந்திரிக்கொட்டைத்தனத்தை எல்லாம் நிறுத்திவைத்தான். ஞாயிறு காலை அவர் எழுதினார். நின்று நிதானமாக, கடைசி வரி வரைக்கும்.

நாலாவது மாடியில் கதவு திறக்கிறது. எதிரே கடல், சத்தமே இல்லாமல். படகு வருகிறது. அதில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், மடி நிறையக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அந்தி வெளிச்சம். ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, "மேலேயா, கீழேயா?" என்கிறாள். "நீ எங்கே சொன்னாலும்," என்று அவர் ஏறிக்கொள்கிறார்.

அவள் இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

"இதுக்கா ஒரு மாசமா சிரிச்சீங்க?"

 அவர் தலையை ஆட்டினார். பெட்டி பரண் ஏறியது. பத்து வருஷத்தில் இல்லாத வழக்கமாக அவள் அவர் தட்டிலேயே கை வைத்துச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை இருவருமாகப் பல் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் அன்றுதான் அவரை மறுபரிசோதனைக்கு வரச்சொல்லியிருந்தார். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

"இவர் தூக்கத்துலகூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், டாக்டர்! ஒரு மாசமா!"

டாக்டர் டார்ச் அடித்து அவர் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு கையுறையைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கணும்மா. போன மாசம் நான் கட்டின முன்பல் ரெண்டும் கொஞ்சம் நீளமாப் போச்சு, தூக்கத்துல உதடு தானா மூட மாட்டேங்குது; இவர் அழுதுட்டே தூங்கினாலும் உங்களுக்குச் சிரிப்பாத்தான் தெரியும்."