பதினான்கு தலைப்புகளில் ஒரு பத்தியம்

எதை அளக்க முடிகிறதோ அதை ஆள முடியும். மனித நாகரிகம் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மீதுதான் நிற்கிறது என்பது ஜெகதீஷின் உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கை இப்போது நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில், கையில் ஒரு கிண்ணம் தினை உப்புமாவோடு மண்டியிட்டு, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒளிந்திருந்த ஆறு வயது மகளிடம் முக்கால் மணி நேரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு வாய், நிஷா."

"மணல் மாதிரி இருக்கு."

"மணல் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"எல்.கே.ஜி.ல சாப்பிட்டிருக்கேன்."

ஜெகதீஷ் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து ஒரு வரி தட்டினான்.

விஷயம் இதுதான். நிஷாவுக்கு மாதத்தில் மூன்று நான்கு நாள் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்துக்கொண்டு அரிக்கும். கல்யாணத்துக்கோ ஹோட்டலுக்கோ போய்வந்தால் கட்டாயம் உண்டு. ஆவடியில் குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று வாரத்துக்குப் பால், கோதுமை, முட்டை, வேர்க்கடலை நான்கையும் நிறுத்துங்கள், என்ன சாப்பிடுகிறாள், என்ன ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம் என்றார்.

நோட்டு என்ற சொல் ஜெகதீஷைப் புண்படுத்தியது. அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினோரு பேரை மேய்ப்பவன் அவன். அன்று மாலையே பதினான்கு தலைப்புகளில் ஓர் அட்டவணை பிறந்தது. வீட்டில் எல்லோருக்கும் புரியட்டும் என்று பெருந்தன்மையோடு தலைப்புகளைத் தமிழிலேயே போட்டான். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ரிவ்யூ மீட்டிங் என்றும் அறிவித்தான். மீட்டிங்கில் அவனும் அவன் மனைவி அகல்யாவும் இருப்பார்கள். நிஷா பக்கத்து அறையில் இருக்கலாம், சத்தம் போடக் கூடாது.

நிஷா இந்த உலகத்தில் சாப்பிட ஒப்புக்கொண்டிருந்த பொருள்கள் மொத்தம் ஆறு. தயிர்சாதம், பால், பிஸ்கட், சப்பாத்தி, ஆம்லெட், உருளைக்கிழங்கு வறுவல். டாக்டரின் பட்டியல் அதில் ஐந்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்ட முடியாது என்று அகல்யாவின் முகத்திலேயே எழுதியிருந்தது.

முதல் இரண்டு நாளில் கேழ்வரகுப் புட்டு யானை கலர் என்று திரும்பிப் போனது. சாமை இட்லி தன்னை முறைத்துப் பார்க்கிறது என்றாள் நிஷா. ஜெகதீஷ் எல்லாவற்றையும் பதிந்துகொண்டான்.

மூன்றாம் நாள், ஆபீஸ் ரயிலில் போனைத் துழாவியதில் அவனுக்குத் தீர்வு கிடைத்தது. பாலுக்குப் பதில் முந்திரிப்பால். வெள்ளையாக இருக்கும், இனிக்கும், சத்து. அன்று மாலையே அரை கிலோ முந்திரியோடு வந்து அகல்யாவுக்கு விளக்கினான். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றாள் அகல்யா. டாக்டர் சொன்னது நான்கே பொருள், முந்திரி அந்த நான்கில் இல்லை, இல்லாததைப் பற்றிக் கேட்டு அவருடைய நேரத்தை வீணாக்குவது முறையல்ல என்று ஜெகதீஷ் சொல்லிவிட்டான்.

வீட்டு வேலைக்கு வரும் வேம்புலியம்மாள்தான் அதை அரைத்து, வடிகட்டி, டம்ளரில் ஊற்றினாள். நிஷா ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். ஜெகதீஷ் துரத்திப் பிடித்து மீதியையும் குடிக்க வைத்தான்.

ஐந்தாம் நாள், மாதத்தில் நான்கு நாள் வந்துபோன தடிப்பு தினமும் வர ஆரம்பித்தது.

முதல் ஞாயிறு ரிவ்யூவில், நான்கு பொருள் போதவில்லை என்று முடிவானது. தக்காளி, கத்திரிக்காய், மீன், தேங்காய் நான்கும் வெளியேறின. சோப்பையும் மாற்றினார்கள். இவ்வளவும் போனால் குழந்தைக்குத் தெம்பு எங்கிருந்து வரும் என்று அகல்யா கவலைப்பட, காலையில் மட்டும் இருந்த முந்திரிப்பால் மாலையிலும் சேர்ந்தது. டிபன் பாக்ஸில் வெல்லம் சேர்த்த முந்திரி லட்டு போயிற்று.

தடிப்பு கழுத்திலிருந்து கன்னத்துக்கு ஏறியது.

இனி ஒரே விளக்கம்தான் உண்டு என்று ஜெகதீஷ் சொன்னான். யாரோ குழந்தைக்குத் திருட்டுத்தனமாக எதையோ கொடுக்கிறார்கள். பள்ளி வேன்காரரை நிறுத்தி விசாரித்தான். அவர் தான் ஓட்டும் வேனில் தனக்கே சாப்பிட நேரமில்லை என்றார். பிறகு வேம்புலியம்மாளிடம், ரொம்பப் பக்குவமாக, ஒருவேளை தெரியாமல், பாசத்தில், ஒரு பிஸ்கட்...

வேம்புலியம்மாள் கையில் இருந்த கரண்டியைக் கழுவி வைத்தாள்.

"என்னாண்ட இத்த கேக்குறியே சார், நல்லாகீதா? நீ சொன்னதுலேர்ந்து தனி பாத்திரம், தனி துணி வச்சிகினு கீறேன். பாப்பாவுக்கு ஒரு பொரி குடுக்கல." பிறகு சொன்னாள்: "அது அந்தப் பாலப் பாத்தா பாத்ரூமுக்குள்ள பூந்துக்குது. ஏன் அதையே புடிச்சி புடிச்சி ஊத்துற?"

"இன்னைக்கு விட்டுக் கொடுத்தா நாளைக்கு எல்லாத்துக்கும் அடம் பிடிப்பா. உங்களுக்கு அது புரியாது."

"புரியாதுதான்," என்று வேம்புலியம்மாள் அடுப்பைத் துடைக்கப் போனாள்.

சமையலறையில் ஒரு சின்னக் கேமரா பொருத்தினான் ஜெகதீஷ். நான்கு நாள் பதிவை இரண்டாவது ஞாயிறு ரிவ்யூவில் இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். வேம்புலியம்மாள் வருகிறாள், அரைக்கிறாள், போகிறாள். புதன்கிழமை மாலை ஆறரைக்கு ஒருவர் பூனை போல உள்ளே வந்து, துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு, கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, நின்றவாக்கில் ஏழு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். மகளுக்குத் துணையாகத் தானும் பத்தியம் இருப்பதாகக் குடும்பம் முழுவதற்கும் அறிவித்திருந்த தகப்பனார் அவர்.

"இதை எந்தத் தலைப்புல போடுறது?" என்று அகல்யா கேட்டாள். ஜெகதீஷ் கேமராவைக் கழற்றிவிட்டான்.

மறுநாள் வேனிலிருந்து இறங்கிய நிஷா, செருப்பைக் கழற்றிக்கொண்டே, தான் இப்போது தனி பெஞ்சில் உட்காருவதாகச் சொன்னாள். இதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஷினியின் அம்மா மிஸ்ஸிடம் வந்து, இது ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டாராம். ஒட்டாது என்றுதான் மிஸ் சொன்னாராம். ஆனாலும் சரியாகும்வரை கடைசி பெஞ்சில் நிஷா மட்டும். அங்கே ஜன்னல் இருக்கிறது, ரயில் தெரியும், ஆனால் பேச ஆள் இல்லை.

அவள் அழவில்லை. பதினான்கு தலைப்பில் எதிலும் கடைசி பெஞ்ச் அடங்காது என்பது ஜெகதீஷுக்கே தெரிந்தது. மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் எப்பப்பா ரோஷினி பக்கத்துல உக்காருவேன்?"

"அப்பா சொல்றதை மட்டும் கேளு. அடம் பிடிக்காம எல்லாம் சாப்பிட்டா சீக்கிரம் சரியாயிடும். சரியானதும் மிஸ் உன்னைப் பழைய இடத்துலயே உக்கார வெச்சுடுவாங்க."

"அந்தப் பாலும் குடிக்கணுமா?"

"முதல்ல அதைத்தான் குடிக்கணும்."

நிஷா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இறங்கிப் போய், சமையலறையில் மூடி வைத்திருந்த டம்ளரை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, முழுவதையும் குடித்துக் காட்டினாள். அன்றிலிருந்து யாரும் துரத்த வேண்டியிருக்கவில்லை. ஜெகதீஷ் இதை அந்த வாரத்தின் மாபெரும் சாதனையாகப் பதிவு செய்தான். கன்னத்துத் தடிப்பு கண்ணிமைக்குப் போனது.

மூன்று வாரம் முடிந்ததும் ஆவடிக்குக் கிளம்பினார்கள். ஜெகதீஷ் அட்டவணையை அச்செடுத்து, சுருள் கம்பி போட்டு பைண்ட் செய்து, மேலே பிளாஸ்டிக் அட்டையும் போட்டிருந்தான். நாற்பத்திரண்டு பக்கம்.

டாக்டர் உள்ளே வேறொரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மூத்த நர்ஸ் சாமுண்டீஸ்வரி நிஷாவின் எடையைப் பார்த்து, குறைந்திருக்கிறதே என்று முகத்தைச் சுளித்துவிட்டு, நோட்டு கொண்டுவந்தீர்களா என்று கேட்டாள். ஜெகதீஷ் நாற்பத்திரண்டு பக்கத்தையும் இரண்டு கையாலும் கொடுத்தான்.

பிறகு எட்டு நிமிடம் விளக்கினான். டாக்டர் நிறுத்தச் சொன்னது நான்கு, தான் நிறுத்தியது எட்டு. பக்கத்துக்குப் பக்கம் தேதி, நேரம், அளவு, தடிப்பின் இடம், தடிப்பின் நீளம் சென்டிமீட்டரில். கடைசிப் பக்கத்தில் முடிவுரையும் உண்டு: காரணம் கண்டறிய முடியவில்லை, குழந்தையின் ஒத்துழைப்பு போதாது.

"இவ்ளோ யாரும் எழுதினு வந்ததே இல்ல சார்," என்றாள் சாமுண்டீஸ்வரி. ஜெகதீஷ் அடக்கத்தோடு தலையசைத்தான்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினாள். யானை கலரைப் படித்துச் சிரித்தாள். முறைத்துப் பார்த்த இட்லிக்கும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. பேனாவை எடுத்து, ஒரே தலைப்பின் கீழ் வரிவரியாக இறங்கினாள். முந்திரிப்பால், காலை: நாக்கு குத்துது. முந்திரிப்பால், மாலை: தொண்டை குத்துது. முந்திரி லட்டு: உதடு அரிக்குது. முந்திரிப்பால்: குத்துது. முந்திரிப்பால்: குத்துது. பேனா பக்கம் விட்டுப் பக்கம் தாவியது. அவள் உதடு எதையோ எண்ணியது.

எண்ணி முடித்ததும் நிஷாவை அருகில் இழுத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஜெகதீஷின் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா முப்பத்தோரு தடவ சொல்லிக்கீது சார். நீங்க மேல 'சொன்ன சாக்கு'ன்னு தலைப்பு போட்டுட்டு, ஒண்ணு விடாம எழுதி வச்சிகீறீங்க."