பதினோரு வீட்டுப் பூட்டு

“என்னங்க, இங்க வந்து பாருங்க. மூணாவது வீட்லயும் கம்பிக் கதவு போடறாங்க!”

ஜன்னலில் நின்று மனைவி கூவியதும் லிஃப்ட்காரருக்கு டீ புரையேறியது.

“போடட்டுமே. இரும்பு விலை குறைஞ்சிருக்கும்.”

“முந்தாநாள் மூலை வீடு, நேத்து எதிர்வீடு, இன்னிக்கு இது. நீங்க என்ன சொல்லி எங்களைக் கூட்டிட்டு வந்தீங்க? கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கலாம், அவ்வளவு பாதுகாப்பான ஊருன்னு சொன்னீங்களா இல்லையா?”

சொன்னார்தான். ஒன்றரை வருடமாக இந்த நாட்டில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறார். ஐந்து பேரோடு ஒரே அறையில் முடங்கிக் கிடந்து, பாப்பாவுக்குப் பால்பல் விழுந்ததையும் புதுப்பல் முளைத்ததையும் செல்போனில் பார்த்த மனிதர். பத்து நாளைக்கு முன்புதான் இந்தத் தெருவில் தனி வீடு பிடித்து, மனைவியையும் பாப்பாவையும் வரவழைத்தார்.

ஆனால் மனைவி விவரமானவள். திரும்பிப் போகிற டிக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஊர் சரிப்பட்டு வராவிட்டால், மாதக் கடைசியில் பாப்பாவோடு விமானம் ஏறிவிடுவதாகப் பேச்சு. மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

“என்ன ஏதுன்னு எதிர்வீட்ல விசாரிச்சுட்டு வாங்க. அது தெரியாம பாப்பாவை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேர்க்க மாட்டேன்.”

“இதோ, இப்பவே கேட்டுட்டா போச்சு. எனக்குத் தெரியாதவங்களா? குடிவந்த அன்னிக்கே மூணு வீட்ல ஏறி, நல்ல விதமாப் பேசிட்டு வந்தவன் நான்.”

அந்த ஊர்ப் பாஷை விஷயத்தில் லிஃப்ட்காரருக்குத் தன்மேல் அபார நம்பிக்கை. மூன்று மாதம் வகுப்புக்குப் போயிருக்கிறார். தமிழில் ஒரு வாக்கியத்தைக் கட்டுவார்; பிறகு மெஷினைப் பிரிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கழற்றி, அந்த இடத்தில் அந்த ஊர்ச் சொல்லை மாட்டிவிடுவார். வேலை நேரத்தில் இதுவரை எந்த லிஃப்டும் குறை சொன்னதில்லை.

எதிர்வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கதவை நாலு விரல் அகலம் திறந்தார்.

“ஐயா, கம்பிக் கதவு எதுக்குப் போட்டிருக்கீங்க?”

“பாதுகாப்புக்கு.”

“இங்க திருட்டு பயம் ஏதாவது உண்டா?”

டிரைவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். “இது வரைக்கும் இல்ல.”

“கவலைப்படாதீங்க. நாங்கல்லாம் பக்கத்துலதான் இருக்கோம்” என்று தைரியம் சொல்லிவிட்டு, கைகூப்பி, முகமெல்லாம் சிரிப்பாகப் போயிட்டு வரேன் என்று விடைபெற்றார். முதுகுக்குப் பின்னால் இரண்டு தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு மாடியில் ஒரு கேமரா முளைத்தது.

“அது ஏங்க நம்ம வாசலையே பாக்குது?” என்றாள் மனைவி.

“நமக்கும் சேர்த்துக் காவல் காக்குது. என்ன மனசு பாரு அந்த மனுஷனுக்கு!”

“மண்ணாங்கட்டி. முதல்ல நல்லதா ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க.”

தெருமுனை இரும்புக் கடைக்குப் போனார். பூட்டுத் தொங்குகிற பலகை மொட்டையாக இருந்தது.

“எல்லாம் வித்துப்போச்சு” என்றார் கடைக்காரர். “முழுக்க உங்க தெருக்காரங்கதான் வாங்கினாங்க. புதுச் சரக்கு வியாழக்கிழமை வரும்.”

“வெறுங்கையோட போனா வீட்ல திட்டுவா. சரி, பரவாயில்ல. போயிட்டு வரேன்.”

கடைக்காரர் முகம் வெளுத்தது. பட்டப்பகல் மூன்று மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டார்.

“கடைக்காரரே பயந்து மூடறாரு” என்று லிஃப்ட்காரர் வாய்தவறி வீட்டில் சொல்லித் தொலைத்தார். நுணலும் தன் வாயால் கெடும். மனைவி பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கிவிட்டாள்.

“அவசரப்படாத, அவசரப்படாத!” என்று பதறினார். “பாரு, ஆபத்துக் காலத்துல அக்கம்பக்கம்தான் துணை. நான் எல்லா வீட்டுக்கும் ஒரு நடை போய்ப் பேசி வச்சிட்டு வந்துடறேன். நாம ஒத்துமையா இருந்தா எந்தத் திருடன் கிட்ட வருவான்?”

வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருவில் இவர்கள் வீட்டை விட்டால் பதினோரு வீடு. ஒன்று விடவில்லை. நலம் விசாரித்தார். குழந்தைகளின் வயதைக் கேட்டார். மூலை வீட்டு அம்மாளுக்குக் காது மந்தம்; போயிட்டு வரேன் என்று சொன்னதற்கு அவர் பேசாமல் நின்றதால், மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்று வாசலிலேயே நின்று இரண்டாம் தடவை உரக்கக் கத்தினார். அது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் தெருவில் ஈ காக்காய் இல்லை. வழக்கமாகச் சைக்கிள் விடுகிற பிள்ளைகளைக் காணோம். ஜன்னலெல்லாம் திரை போட்டுக்கொண்டன. வழியில் எதிர்ப்பட்ட ஒருவர், இவரைப் பார்த்ததும் எதிர்ச் சாரிக்குத் தாவினார்.

“போதுங்க” என்றாள் மனைவி. “எனக்கு மட்டும் உங்களை விட்டுட்டுப் போகணும்னு ஆசையா? ஆனா பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு இந்தத் தெருவுல எப்படிங்க இருக்கிறது?”

அவள் துணிகளை மடித்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பாப்பா தன் பொம்மையைக் கொண்டுவந்து துணிகளுக்கு மேல் படுக்க வைத்துவிட்டு, “அப்பா, நீயும் எங்ககூட வர்றியா?” என்று கேட்டாள். மறுபடி அந்த ஐந்து பேர் அறைக்குத்தான் போக வேண்டும். செல்போனில்தான் பிள்ளையைப் பார்க்க வேண்டும். லிஃப்ட்காரர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கண்ணில் சோப்பு போய்விட்டது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்புமணி அடித்தது. வாசலில் ஒரு போலீஸ் அம்மா நின்றார்.

“பாத்தியா? நம்மளைக் கேட்காமலே போலீஸ் வந்துடுச்சு! இதான் இந்த ஊரு!” என்று லிஃப்ட்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

போலீஸ் அம்மா உட்கார்ந்து, செல்போனில் யாரையோ அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தார்.

“வணக்கங்க” என்றது ஒரு பெண்குரல், சுத்தத் தமிழில். “நான் மொழிபெயர்ப்பாளர் பேசறேன். மேடம் சொல்றதை அப்படியே உங்களுக்குச் சொல்றேன்.”

மனைவி போனுக்குப் பக்கத்தில் பாய்ந்து வந்தாள். “அக்கா, முதல்ல இதைக் கேளுங்க. இந்தத் தெருவுல எத்தனை திருட்டு நடந்திருக்கு?”

போலீஸ் அம்மா சொல்ல, குரல் சொன்னது: “இருபது வருஷத்துல ஒரு செருப்புகூடக் காணாமப் போனதில்லையாம்.”

“அப்புறம் எதுக்கு இத்தனை பூட்டு?”

“பத்துப் பன்னெண்டு நாளா ஒரே ஒரு ஆளுக்குப் பயந்துதானாம். வாசல் வாசலாப் போய் மிரட்டறாராம். பதினோரு வீட்டுக்காரங்களும் ஒண்ணாச் சேர்ந்து புகார் கொடுத்திருக்காங்க. இரும்புக் கடைக்காரர் தனியாக் கொடுத்திருக்கார்.”

லிஃப்ட்காரருக்கு ரத்தம் கொதித்தது. “எவன் அவன்? நம்ம தெருவுல வந்து? சும்மா விடக் கூடாது மேடம், நான் சாட்சி சொல்றேன்!”

குரல் அதை மொழிபெயர்த்தது. போலீஸ் அம்மா பேனாவை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார்.

“அந்த ஒருத்தனை அடக்கிட்டீங்கன்னா போதும்கா” என்று மனைவி கையைப் பிசைந்தாள். “நான் இப்பவே டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துடறேன். சத்தியமாச் சொல்றேன். அப்படி என்னதான் சொல்லி மிரட்டினானாம்?”

போலீஸ் அம்மா நோட்டைப் புரட்டி ஒரு வரியை வாசித்தார். போனில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது கேட்டது.

“‘இப்பப் போறேன், ஆனா திரும்பி வருவேன்’னு ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொல்றாராம்... ஏன் தம்பி, நம்ம ‘போயிட்டு வரேன்’ங்கிறதை நீங்க அவங்க பாஷையில எப்படிச் சொல்வீங்க?”