ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பிணம்

தமிழ் பேசுகிறவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு, தெரியாதவர்களும் உண்டு. நடுவில், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கரைத்துக் குடித்ததாகக் காட்டிக்கொள்ளும் ஒரு கூட்டமும் உண்டு. கல்யாணமான புதிதில் நான்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி.

பம்பாய் செம்பூரில் பிறந்து வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், ஹிந்தி, மராத்தி. தமிழ், வீட்டுக் காலண்டரில் ராகு காலம் பார்க்கிற அளவுக்குத்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் மாதுங்காவில் வாழ்க்கைப்பட்டேன். அடுத்த தெருவில் என் நாத்தனார் பத்மா அக்கா. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய வாசகர் வட்டத்துக்கு அவர்தான் எல்லாமே. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். புத்தகங்களை மாற்றிக்கொள்வார்கள். ஒருவர், தான் படித்த கதையைப் பற்றிப் பேசுவார். பிறகு பஜ்ஜி. (பஜ்ஜிக்காகவே வந்தவர்களும் உண்டு. என் கணவரைச் சொல்லவில்லை.)

"என்னையும் சேர்த்துக்கோங்கோ அக்கா" என்றேன்.

"பாம்பேல பொறந்தவளுக்குத் தமிழ்ப் புஸ்தகம் எதுக்குடி?" என்று அக்கா சிரித்தார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்த மாசம் நானே பேசறேன்!" என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

அக்கா உடனே பீரோவைத் திறந்தார். வாரப் பத்திரிகைகளிலிருந்து வருஷக்கணக்கில் கிழித்துச் சேர்த்த இரண்டு தொடர்கதைகளை எடுத்துக் கொடுத்தார். "இதுகளைத் தனித்தனியா பைண்ட் பண்ணிண்டு வா. ஏதாவது ஒண்ணைப் படிச்சுட்டுப் பேசு. ஜாக்கிரதை, இது போனா திரும்பக் கிடைக்காது." இடத்தை அடைக்கிறது என்று தலைப்பையும் படத்தையும் அவர் வெட்டி எறிந்திருந்தார். ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனியாகப் பின் அடித்து, மேலே சிவப்புப் பென்சிலால் எண் மட்டும் போட்டிருந்தது. என்ன கதை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குர்லா ஸ்டேஷன் படிக்கட்டில் கூட்டம் இடித்ததில் என் பை கிழிந்தது. இரண்டு கதைகளும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தன. பொறுக்கிக்கொண்டு போய் பைண்டரிடம் நின்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எண் தெரியும்.

"நம்பர் ஹை நா? பஸ்!" என்றார். எண் இருக்கிறதே, அது போதாதா என்று அர்த்தம்.

போதும் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு ஒன்று, இரண்டு இரண்டு என்று எல்லாமே இரட்டையாக இருந்தன. எந்த ஒன்றோடு எந்த இரண்டு சேர வேண்டும் என்ற கேள்வி என் மூளைக்கு எட்டவேயில்லை. காலிகோ அட்டை போட்டு ஜம்மென்று இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்றை எடுத்து, மாதம் முழுக்க எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன்.

கூட்டம் அக்கா வீட்டிலேயே நடந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எழுந்து நின்றேன்.

"இந்த நாவலோட புதுமைதான் என்னைக் கவர்ந்தது. ஆறாம் அத்தியாயத்துல கமலா மாமியாரோட சண்டை போட்டுட்டு அப்பளம் இடறா. ஏழாம் அத்தியாயத்துல பங்களாவுல ஒரு பிணம் கிடக்கு! யார் கொன்னான்னு ஆசிரியர் சொல்லலை. ஆனா அப்பளக் குழவியை அவர் சும்மாவா காட்டினார்?"

யாரும் மூச்சு விடவில்லை. பேச்சில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்து நான் இன்னும் வேகமெடுத்தேன்.

"எட்டுல கமலாவுக்கு வளைகாப்பு. ஒன்பதுல இன்ஸ்பெக்டர் கைரேகை எடுக்கறார். ஏன்? வளைகாப்புக்கு வந்தவா அத்தனை பேர் கையும்..."

"அது ரெண்டு கதைடி!" என்று அலறினார் அக்கா. இரண்டு புத்தகங்களையும் பிடுங்கிப் புரட்டினார். இரண்டிலுமே பாதிக் குடும்பம், பாதிக் கொலை. ஓரம் வெட்டித் தைத்து ஒட்டியாகிவிட்டது. பிரித்தால் காகிதம் கிழியும்.

ரிடையரான ராகவன் மாமாதான் முதலில் வெடித்தார். "இத்தனை வருஷமா கூட்டத்துக்கு வரேன், இன்னிக்குத்தான் தூங்கலை!" கூடமே சிரித்தது, அக்காவைத் தவிர. நான் சமையலறைக்கு ஓடிப்போய், பஜ்ஜி மாவுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். சிரித்தது போகட்டும், அக்காவின் பொக்கிஷத்தைப் பாழடித்துவிட்டேனே என்பதுதான் தாங்கவில்லை.

சற்று நேரத்தில் அக்கா உள்ளே வந்தார், கையில் அந்த இரண்டு புத்தகங்களோடு.

"கொலைகாரன் யாருன்னு உனக்குத் தெரிய வேண்டாமா? நாளைக்குச் சாயங்காலம் வா."

மறுநாளிலிருந்து இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவர் குடும்பக் கதை, நான் கொலைக் கதை. அத்தியாயம் முடிந்ததும் தேவைப்பட்டால் புத்தகத்தை மாற்றிக்கொள்வோம். நான் நத்தை. தன் அத்தியாயத்தை முடித்துவிட்டு அக்கா தவிப்பார்: "இன்னுமாடி அந்தப் பிணத்தைத் தூக்கலை?" கொலைகாரன் பிடிபட்டபோது எனக்கு எழுத்துக்கூட்டாமல் தமிழ் படிக்க வந்துவிட்டது. (கொன்றது கமலா இல்லை. எனக்குச் சின்ன ஏமாற்றம்தான்.)

வட்டத்தில் அந்தப் புத்தகங்களை இரண்டு பேர் சேர்ந்து வந்து கேட்டால்தான் கொடுப்பது என்று ஆனது. எங்கள் வீட்டில் யார் பேச்சு எங்கே தடம் மாறினாலும், "பைண்டிங் மாறிடுத்து" என்பார்கள். பத்மா அக்காவுக்கு இப்போது வயதாகிவிட்டது. இருந்தாலும் நான் அப்பளக் குழவியைக் கையில் எடுத்தால், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொள்கிறார்.