குதிரைக்கு மாட்டிய கண்ணாடி

கண்ணாடி போட்டவனுக்கு அறிவு அதிகம் என்று நம்புகிறவர்கள் என் கல்யாண வீடியோவைப் பார்த்தால் போதும், தெளிந்துவிடுவார்கள்.

எனக்குப் பவர் மைனஸ் ஒன்பது. (கழற்றினால் எங்கள் ஊர் அரிமளம் முழுக்க ஆவி படிந்த மாதிரி மங்கலாக இருக்கும்.) நிச்சயமானதும், லேசர் செய்துகொண்டு கண்ணாடி இல்லாமல் தாலி கட்டுவேன் என்று வனிதாவிடம் போனில் அளந்துவிட்டேன். கண்ணாடியே இத்தனை கனமென்றால் கருவிழியும் அதே கனத்தில்தான் இருக்கும், டாக்டர் தாராளமாகச் செதுக்கலாம் என்பது என் விஞ்ஞானம்.

எங்கள் ஊர் அய்யனார் கோயிலில் வேண்டுதல் பலித்த பிறகுதான் காணிக்கை செலுத்துவார்கள். நான், பலிக்காமல் எங்கே போகும் என்ற திமிரில், புதுக்கோட்டைக்குப் பரிசோதனைக்குப் போகிற வழியிலேயே கண்ணாடியைக் கழற்றி அங்கிருந்த மண்குதிரைக்கு மாட்டிவிட்டேன். அதற்குக் கச்சிதமாக இருந்தது. மாமன் மகன் செந்தில் என்னைப் பைக்கில் பார்சல் மாதிரி கொண்டுபோய் இறக்கினான்.

டாக்டரம்மா கருவிழியை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். (செந்தில் சொல்லித்தான் தெரியும்.)

“பவருக்கும் கருவிழித் தடிமனுக்கும் சம்பந்தமில்லைங்க. ஒங்க கண்ணு நீளமா வளர்ந்திருக்கு, அதான் கிட்டப்பார்வை. லேசர்னா கருவிழியைச் சீவணும். பவர் கூடுனா கூடச் சீவணும். ஒங்களுக்குச் சீவ எடமில்லை.”

திரும்பி வந்து குதிரையிடம் கை நீட்டினேன். பூசாரி விடவில்லை.

“குடுத்ததை எடுத்தா சாமி கண்ணைக் குத்தும்.”

இருக்கிற கண்ணின் லட்சணத்தில் எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. அந்தப் பவருக்கு லென்ஸ் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றார் கடைக்காரர். லென்ஸுக்கு முன்னால் கல்யாணம் வந்துவிட்டது. (பழைய கண்ணாடி வீட்டில்தான் இருந்தது. அதைத் தேடக் கண்ணாடி வேண்டியிருந்தது.)

மணமேடைக்குப் பக்கத்தில் உயரமாக ஒருவர் என்னைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார். பெண் வீட்டுப் பெரியவர், ஏதோ கோபம் போல என்று கும்பிட்டேன். திருப்பிக்கொண்டார். மறுபடி பார்த்தார், மறுபடி கும்பிட்டேன். பயத்தில் எனக்கு வியர்த்தது. நல்லவேளை, அவர் பக்கமிருந்து காற்று வந்தது.

வனிதா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: “அது ஸ்டாண்டு ஃபேனுங்க.”

மானம் போய்விட்டது. குதிரைக் கதையை அங்கேயே ஒப்பித்தேன். அவள் சிரித்த சிரிப்பில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

“கண்ணாடியோட பாத்துத்தானே சரின்னேன்” என்றாள். அந்தக் கணத்தில்தான் எனக்கு உயிரே வந்தது.

குதிரை இன்னும் என் கண்ணாடியோடுதான் நிற்கிறது. கண்ணுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் இப்போதெல்லாம் அதனிடமும் ஒரு கும்பிடு போடுகிறார்கள். நான் ஒவ்வொரு முறை கண்ணாடி மாற்றும்போதும் வனிதா மறக்காமல் சொல்வாள்:

“பழசைக் கொண்டுபோய்க் குதிரைக்கு மாட்டிருங்க. அதுக்கும் பவர் ஏறியிருக்கும்.”