மூடியைத் திறக்காதீர்கள்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் யாரென்று சரித்திரத்துக்குத் தெரியாது. பெயரைப் பதிந்து வைக்க அந்தக் காலத்தில் ஆபீஸ் இல்லை, பாவம். ஆனால் நெருப்பை அதன் போக்கில் விட்டுவிடக் கூடாது, அதற்கு மேலே ஒரு நிர்வாகம் வேண்டும் என்று கண்டுபிடித்த மகான் யாரென்று நமக்குத் தெரியும். அவர்தான் சூப்பிரண்டு மாமா.

ஏதோ ஒரு இலாகாவில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஆபீஸை விட்டாரே தவிர, ஆபீஸ் அவரை விடவில்லை. வீட்டில் சர்க்கரை தீர்ந்தால் "கையிருப்பு நிலவரம்" கேட்பார். குளியலறைக்குள் யாராவது நேரம் எடுத்துக்கொண்டால் கதவைத் தட்ட மாட்டார்; "நினைவூட்டல்" கொடுப்பார். இரண்டாவது நினைவூட்டலுக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது.

அப்பேர்ப்பட்ட வீட்டில், மூத்த மகளைக் கட்டிய பெரிய மாப்பிள்ளைக்கு இருந்தது ஒரே ஒரு பதவி. கரி அடுப்பு.

அவர் குழாய்ச் சாமான் கடை ஒன்றில் மேனேஜர். கடையில் அவர் சொன்னால் சொன்னதுதான். மாமனார் வீட்டில் அவர் பேச்சு மின்விசிறிச் சத்தம் மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். டீவி வாங்கும்போது சின்ன மாப்பிள்ளையைக் கேட்டார்கள். பெயிண்ட் அடிக்கும்போதும் அவரைத்தான் கேட்டார்கள். போகட்டும். சமையலறைக் குழாய் ஒழுகியபோதுகூட சின்ன மாப்பிள்ளைக்குத்தான் போன் போனது. அந்த நேரத்தில் பெரிய மாப்பிள்ளை அதே குழாயடியில் நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

ஆனால் குடும்பம் கூடுகிற நாளில், வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் கரி அடுப்பு வந்து உட்கார்ந்துவிட்டால் அவர்தான் ராஜா. இடுப்பில் ஏப்ரன், வலக்கையில் இடுக்கி, இடக்கையில் அட்டை விசிறி. கையில் கிளாஸோடு எல்லாரும் அவரைச் சுற்றி நிற்பார்கள். கோழித் துண்டுகள் எப்படியோ கம்பிமேல் வந்து படுத்துவிடும். இவர் விசிறுவார், திருப்புவார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திருப்புவார். சூப்பிரண்டு மாமாவே பக்கத்தில் வந்து தழைந்த குரலில், "இன்னும் எவ்வளவு நேரம் மாப்பிள்ளை?" என்பார். இவர் திரும்பாமலே, "அவசரப்பட்டா ஆகாது மாமா" என்பார்.

மாமனாருக்கு அவர் போட முடிந்த ஒரே உத்தரவு அது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் மனிதர் மற்ற நாட்களை ஓட்டினார்.

கோழி வெளிப்பக்கம் கரியாகவும் எலும்புப் பக்கம் பச்சையாகவும் இருக்கும். அதனாலென்ன? எல்லாரும் மெச்சித்தான் சாப்பிட்டார்கள். ராஜா சுட்ட கோழியில் குறை சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

இந்த ராஜ்ஜியத்தில்தான் சின்ன மாப்பிள்ளை ஒரு பெல்லட் கிரில்லைக் கொண்டுவந்து இறக்கினார்.

சின்ன மாப்பிள்ளை கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிறவர். என்ன ஆலோசனை என்று அவர் மனைவிக்கே தெரியாது. ஆனால் அவர் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது அந்தக் கம்பெனியில் ஆட்கள் குறைந்திருப்பார்கள்.

கறுப்புப் பீரோ ஒன்றைப் படுக்கவைத்துச் சக்கரம் மாட்டினாற்போல் இருந்தது அந்தக் கிரில். பக்கவாட்டில் ஒரு பெட்டி. மரத்தூளை அழுத்திச் செய்த பொடிக் குச்சித் துண்டுகளை அதில் கொட்ட வேண்டும், அதுதான் பெல்லட். பிளக்கைச் சொருகினால் உள்ளே ஒரு திருகு சுழன்று அந்தத் துண்டுகளை நெருப்புக்குத் தள்ளும். ஒரு ஃபேன் ஊதும். எத்தனை டிகிரி வேண்டுமென்று போனில் சொன்னால் அத்தனை டிகிரியில் நிற்கும். கோழிக்குள் குத்துவதற்கு வயர் வைத்த ஒரு கம்பி. உள்ளே எவ்வளவு வெந்தது என்று அது போனுக்குச் சொல்லிவிடும். விசிற வேண்டாம், திருப்ப வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கவே வேண்டாம்.

இந்தக் கடைசி வார்த்தை பெரிய மாப்பிள்ளையின் நெஞ்சில் நேராகப் போய் இறங்கியது. பெல்லட்டில் ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"கோழித் தீவனம் மாதிரி இருக்கே சகலை. உயிரோட இருந்தப்ப போட்டிருந்தா நாலு முட்டையாவது வந்திருக்கும்."

சின்ன மாப்பிள்ளை சிரித்தார். ஆலோசனை சொல்கிறவர்கள் சிரிக்கிற மாதிரி, பல் தெரியாமல்.

விஷயம் பெரிதென்பதால் ஹாலில் கூட்டம் கூட்டப்பட்டது. கேஸ் கிரில்லுக்கும் கரி அடுப்புக்கும் பெல்லட் கிரில் மாற்றாகுமா என்பதே பொருள். சூப்பிரண்டு மாமா தலைமை வகித்தார். மூத்த மகள், ஏற்கெனவே வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் கேஸ் கிரில்லே போதும், திருகினால் எரிகிறது, திருகினால் அணைகிறது, இதற்கு எதற்கு இத்தனை கூத்து என்றாள். நடைமுறைக்கு ஒத்துவரக்கூடிய யோசனை என்பதால் அது உடனே தள்ளுபடி ஆனது.

பெரிய மாப்பிள்ளை கரியின் பெருமையைச் சொன்னார். நேரான அனல் பட்டால்தான் மேல்தோல் முறுகும் என்றார். முறுகல் உடம்புக்கு ஆகாது என்றார் சின்ன மாப்பிள்ளை. கரியில் புகை வாசனை உண்டென்றார் இவர். பெல்லட்டும் மரம்தானே, அதிலும் புகை வருமே என்றார் அவர். கடைசியில் பெரிய மாப்பிள்ளை இடுப்பில் இருந்த கத்தியை உருவினார்.

"எல்லாம் சரி. சமைக்கிற நேரத்துல கரண்ட் போனா?"

"அதுக்குத்தான் சகலை, கரண்ட் போகக் கூடாது."

"கரண்ட் போகக் கூடாது," என்று சூப்பிரண்டு மாமா நிதானமாகத் திருப்பிச் சொன்னார். "ஏற்கப்பட்டது."

மாமாவை முழுசாக வீழ்த்தியது வேறொரு விஷயம். பெல்லட் கிரில்லுக்கு முக்கியமான விதி, நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் சூடு போய்விடும் என்று சின்ன மாப்பிள்ளை சொன்னார். மூடிய ஃபைலைத் திறக்காமல் காப்பாற்றியே உத்தியோகத்தில் உயர்ந்த மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இந்த மிஷினை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமையே அரங்கேற்றம் என்று தீர்மானமானது. அன்றைக்குத்தான் ஒரு பெரிய மனிதர் சாப்பிட வருகிறார். ஒரு காலத்தில் சூப்பிரண்டு மாமாவின் மேஜைக்கு முன்னால் நின்றவர், இப்போது அதே இலாகாவில் டைரக்டர்.

பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. மிஷின், சின்ன மாப்பிள்ளை. போனில் சூடு ஏறுவதைக் காட்டும் கோட்டைக் கவனித்துச் சபைக்கு அறிவிப்பது, சின்ன மகள். கரண்ட் போகாமல் இருப்பது, மூத்த மகள். அதை எப்படிச் செய்வதென்று அவள் கேட்டதற்கு, பொறுப்பாகச் செய் என்று பதில் வந்தது. மேற்பார்வை, மாமா. பெரிய மாப்பிள்ளைக்கு "பூரண ஓய்வு". அவருடைய இடுக்கி ஸ்டோர் ரூமில் ஒப்படைக்கப்பட்டது.

"அப்புறம் உனக்கு," என்று மாமா, வாசற்படியில் ஈரக்கையோடு நின்றிருந்த தன் மனைவியை, அதாவது அத்தையைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சொன்னார். "உனக்கு அன்னிக்கு லீவு. மிஷின் எல்லாம் செஞ்சிடும். நீ மகாராணி மாதிரி உட்கார்ந்திரு."

அத்தை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். சனிக்கிழமை சாயங்காலமே கோழித் துண்டுகளைக் கழுவி, கீறி, மசாலா தடவி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள். லீவு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.

ஞாயிறு காலையில் சின்ன மாப்பிள்ளை ஸ்விட்சைப் போட்டார். திருகு சுழன்றது, ஃபேன் ஊதியது, புகைக்குழலில் நீலப்புகை நூலிழையாக எழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நல்ல சேலை கட்டி ஹால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை, "ஏங்க, அந்தக் கோழிய..." என்று ஆரம்பித்தாள்.

"நீ லீவுல இருக்கே," என்றார் மாமா. "லீவுல இருக்கிறவங்க ஆபீஸ் விஷயம் பேசக் கூடாது."

அத்தை வாயை மூடிக்கொண்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

அன்றைய மிஷினின் உழைப்பை எப்படிப் புகழ்வது! சின்ன மகள் போனைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். உள் சூடு அறுபது, எழுபது, எண்பது என்று குதிரை மாதிரி ஏறியது. கோழிக்குள் இவ்வளவு சீக்கிரம் சூடு ஏறுமா என்று மூத்த மகள் கேட்டாள். கரியோடு பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும் என்றார் சின்ன மாப்பிள்ளை. கோடு உச்சிக்குப் போய் அசையாமல் நின்றது. கோழி வெந்துவிட்டது, இனி விருந்தாளி வரும்வரை அதே சூட்டில் உள்ளே இருக்கட்டும் என்று அறிவிப்பு வந்தது. வெளியே போய் அந்தப் பீரோவைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்கத் தேவையும் இல்லையே.

பூரண ஓய்வில் இருக்கிறவனுக்குத் தாகம் அதிகம். பெரிய மாப்பிள்ளை தண்ணீருக்காக ஃப்ரிட்ஜைத் திறந்தார். நடுத்தட்டில் அந்தப் பெரிய பாத்திரம். மூடியை விரலால் லேசாகத் தூக்கினார். உள்ளே மொத்தக் கோழியும் மசாலா பூசிக்கொண்டு குளிரில் சுகமாகப் படுத்திருந்தது.

ஹாலிலிருந்து சின்ன மகளின் குரல் கேட்டது. உள் சூடு தொண்ணூற்றைந்து.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஓடிப் போய்ச் சொல்லலாம். சொன்னால் ஒரு நன்றி கிடைக்கும், இடுக்கி கிடைக்காது. சொல்லாவிட்டால் டைரக்டர் முன்னால் மிஷினின் மானம் போகும், கரி அடுப்பு திரும்ப வரும், இனி ஆயுளுக்கும் "அவசரப்பட்டா ஆகாது மாமா" என்று சொல்லலாம். தூங்குகிற குழந்தை இருக்கும் அறையைச் சாத்துவது போல மூடியைச் சாத்தினார். பத்தாததற்கு ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாத்திரத்துக்கு முன்னால் காவல் வைத்தார். ஹாலுக்கு வந்து, முகத்தைப் பூரண ஓய்வில் வைத்துக்கொண்டார்.

டைரக்டர் வந்தார். வாசலிலேயே மூக்கை உயர்த்தி, வாசனை பிரமாதம் என்றார். சூப்பிரண்டு மாமா அவரைப் பின்பக்கம் அழைத்துப் போய், மனிதகுலம் கேஸிலும் கரியிலும் எத்தனை காலம் வீணடித்தது என்று ஒரு சிறு உரை நிகழ்த்தினார். தட்டுகள் வந்தன. எல்லாரும் சுற்றி நின்றார்கள். சின்ன மாப்பிள்ளை இரண்டு கையாலும் மூடியைத் தூக்கினார்.

புகை விலகியது. பளபளவென்று துடைத்து வைத்த கம்பிகள். அவற்றின் நடுவில், வயர் நுனியில் அந்தக் குத்துக்கம்பி மட்டும் தன்னந்தனியாகப் படுத்து, நன்றாக வெந்துகொண்டிருந்தது.

ஃபேன் மட்டும் கடமை தவறாமல் ஊதியது. டைரக்டர்தான் பெரிய மனது பண்ணி வாய் திறந்தார்.

"பழைய நாள் ஞாபகம் வருது சார். நம்ம செக்‌ஷன்லயும் இப்படித்தான். புகை நல்லா வரும்."

உடனே அங்கேயே விசாரணை தொடங்கியது. மிஷின் வேலை செய்ததா? செய்தது. கோடு ஏறியதா? ஏறியது. கரண்ட் போனதா? போகவில்லை, மூத்த மகள் தன் பொறுப்பைச் சரியாகவே செய்திருந்தாள். கோழியை உள்ளே வைக்கிற பொறுப்பு யாருடையது? எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். அப்படி ஒரு பொறுப்பு உலகத்தில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியவந்தது.

"மாப்பிள்ளை," என்று மாமா பெரிய மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். குரலில் பழைய தழைவு வந்துவிட்டது. "உங்க காலத்துல ஒரு தரம்கூட இப்படி ஆனதில்லையே. அப்பல்லாம் கோழிய எடுத்து அடுப்புல வச்சது யாரு?"

காத்திருந்த நேரம் வந்துவிட்டது. பெரிய மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி, "நா" வரைக்கும் வந்துவிட்டார். அதற்கு மேல் வரவில்லை. விசிறியது நினைவிருக்கிறது. திருப்பியது நினைவிருக்கிறது. வைத்தது? புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்புவார். துண்டுகள் வரிசையாகக் கம்பிமேல் இருக்கும். புகைக்குள்ளிருந்து ஒரு தட்டு வரும், போகும். அந்தத் தட்டுக்கு ஒரு கை உண்டென்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தார். கதவோரம் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்திருந்தாள் அத்தை. மடியில் இரண்டு கை. நகக்கண்ணில் நேற்றைய மசாலா மஞ்சள்.

"அத்தைதான்," என்றார்.

"நீயா?" என்றார் மாமா. "அப்போ இன்னிக்கு ஏன் வைக்கல?"

"லீவு குடுத்தீங்களே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வந்தேன். ஆபீஸ் விஷயம் பேசக் கூடாதுன்னீங்க." அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "சாப்பாடு எப்போ ஆகும்? பசிக்குதுங்க."

சூப்பிரண்டு மாமா அங்கேயே தீர்ப்புச் சொன்னார். பெல்லட் கிரில் குற்றமற்றது. கேஸுக்கும் கரிக்கும் அது பூரண மாற்று என்பது இன்று ஐயமின்றி நிரூபணமாகிவிட்டது. ஆகவே "நிர்வாகக் காரணங்களை" முன்னிட்டு அத்தையின் லீவு இந்த நிமிஷத்திலிருந்து ரத்து.

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள், டைரக்டர் உட்பட. அத்தை எழுந்திருக்கவில்லை.

பெரிய மாப்பிள்ளைதான் உள்ளே போனார். ஃப்ரிட்ஜ் வாசலில் அவர் மனைவி, இந்தப் பாட்டிலை யார் கொண்டுவந்து இங்கே குறுக்கே வைத்தது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பாட்டிலை நகர்த்திவிட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவளும் வந்து தார்ப்பாயை விலக்கிக் கேஸைத் திருகினாள், எரிந்தது. அவர் ஒரு துண்டை இரண்டு விரலால் தூக்கினார். கம்பிக்கு மேலே கொண்டுபோனதும் அனல் கையைச் சுட்டது. தோல் கீழா, மேலா? கனமானது நடுவிலா, ஓரத்திலா? இத்தனை வருஷ ராஜாவுக்கு இது தெரியவில்லை. ஒட்டுமொத்தமாகக் கவிழ்த்துவிடலாமா என்று பாத்திரத்தைச் சாய்க்கப் போனார்.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. அத்தை இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அவசரப்பட்டா ஆகாது மாப்பிள்ளை."