கொட்டிலில் யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள்

கொட்டிலின் கதவைத் திறந்த தெரெந்தி வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அவன் மூட்டவில்லை. மூட்டத்தான் வந்திருந்தான். கக்கத்தில் சிராய்க் கட்டு, கையுறைக்குள் தீப்பெட்டி.

மூன்று மாடுகளும் அசைபோட்டபடி அவனைத் திரும்பிப் பார்த்தன. சாணம் வாரியிருந்தது. தண்ணீருக்குப் போட்ட ஐஸ் கட்டி பானையில் பாதி உருகியிருந்தது. மடிக்குக் கட்டிய முயல்தோல் உறையை விலக்கித் தொட்டுப் பார்த்தான். துளி பால் இல்லை.

"யாரு?" என்றான்.

சுவர்க் கட்டை ஒன்று குளிரில் படீரென்று வெடித்தது. தெரெந்தி வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்தேழு டிகிரி. நீட்டிய கை தெரியாத பனிமூட்டம். விடும் மூச்செல்லாம் காதோரம் உறைந்து, அரிசி கொட்டுவதுபோல் சரசரத்தது.

மனைவி அக்சின்யா முந்தின நாள்தான் யாகுத்ஸ்க் நகரத்துக்குக் கிளம்பியிருந்தாள். மகளுக்குப் பிரசவ நேரம். விமானத் திடல் வாசலில் அவளை இறக்கிவிட்டதும் தெரெந்தி ஜீப்பைத் திருப்பிவிட்டான். எஞ்சின் அணைந்தால் அப்புறம் வசந்தத்தில்தான் உயிர் வரும்.

"பின்வாசல்ல இறங்கினதும் வேலியைப் பிடிச்சுக்கோ. வேலி முடியற இடத்துல கொட்டில். ஆறு மணிக்கு அடுப்பு எரியணும். ஒரு நாள் காலைல அடுப்பு எரியலேன்னா மாடு நிக்கும், உசுரோட நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"உறைஞ்ச ஆத்து மேல முப்பது டன் லாரி ஓட்டறவன் நான். மூணு மாடு எனக்கு ஒரு விஷயமா?"

குளிர்காலம் முழுக்க லாரி, கோடை முழுக்கப் படகு. லாரியின் அச்சு முறிந்ததால்தான் இந்த மாதம் வீட்டில் இருந்தான். போன கோடையில் அவன் இல்லாதபோது மனைவியும் மச்சானும் கட்டிய புதுக் கொட்டிலுக்குள் இன்றுதான் முதல்முறை நுழைந்தான். அதுவும் ஆறு மணிக்கல்ல. தூங்கிப்போய் ஒன்பது மணிக்கு.

மத்தியானம் அவள் செல்லுக்குப் போன் செய்தான். "பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. அடுப்பு மூட்டினியா?"

"ஆறு மணிக்கே."

"கறந்தியா?"

"ஒன்பது லிட்டர்."

"ஒன்பதா?"

"கூடவே இருக்கும்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கு முன்னாலேயே எழுந்தான். வீட்டின் குளிர்ந்த முன்னறையில் தொங்கவிட்டிருந்த உறைமீன்களில் இரண்டைக் காணோம். எண்ணிப் பார்த்தான், மறுபடியும் எண்ணினான். நாய்க்கு எட்டாத உயரம். மனுஷன் யாரும் இந்தக் குளிரில் மீனுக்காக வரமாட்டான்.

வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது முன்னால் பனி நறநறவென்று மிதிபடும் சத்தம் கேட்டது. அவன் நின்றான். அதுவும் நின்றது. ஓர் அடி வைத்தான். அதுவும் ஓர் அடி வைத்தது. அப்புறம் சத்தம் திடுதிடுவென்று ஓடி மூட்டத்துக்குள் கரைந்தது.

கொட்டிலில் அடுப்பு எரிந்தது. பால் இல்லை.

தெரெந்திக்கு ஒன்று புரிந்தது. இது மனுஷ வேலை இல்லை. ஆனால் வந்திருப்பது நல்லதா, கெட்டதா? நல்லதாக இருந்தால் உபசரிக்க வேண்டும். கெட்டதாக இருந்தால் கட்டாயம் உபசரிக்க வேண்டும். வீட்டுக்கு ஓடி, மாவு கரைத்து, ஏழு அடை சுட்டான். மூன்றை வெண்ணெயோடு அடுப்புக்குள் போட்டு, "நெருப்புத் தாத்தா, ஏத்துக்கோ" என்று கும்பிட்டான். மீதியை அடுப்பு மேடையில் வரிசையாக வைத்துவிட்டு வந்தான்.

மத்தியானம் போய்ப் பார்த்தபோது அடை ஒன்றுகூட இல்லை. கதவு நிலையில் குதிரை மயிரில் முறுக்கிய வெள்ளைக் கயிறு, ஒன்பது முடிச்சோடு தொங்கியது. ஆவியை விரட்ட ஊரில் கட்டும் கயிறு.

தெரெந்திக்குத் தலை சுற்றியது. ஆவியே ஆவிக் கயிறு கட்டுமா? அப்படியென்றால் அது விரட்டுவது யாரை?

"எல்லாம் சரியா இருக்கா?" என்றாள் அக்சின்யா போனில்.

"எல்லாம் என் கட்டுப்பாட்டுல."

"இன்னிக்கு எத்தனை லிட்டர்?"

"பத்து."

"அடேங்கப்பா" என்றாள். அந்தக் குரலில் குளிர் வெளியில் இருந்ததைவிட நாலு டிகிரி அதிகம்.

சாயங்காலம் லாரிப் பெட்டியிலிருந்து பெரிய பூட்டைத் தேடி எடுத்தான். கொட்டிலுக்குப் போய் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் கட்டைகளைத் திணித்துவிட்டு, கதவைப் பூட்டினான். இனி எது வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். இரும்பு விரலோடு ஒட்டிக்கொண்டு தோலைப் பிய்த்துக்கொண்டுதான் விட்டது. போகட்டும்.

மூன்றாம் நாள் காலையில் பூட்டு இரண்டாகப் பிளந்து பனியில் கிடந்தது. கதவில் கோடரி வெட்டு. உள்ளே அடுப்பு எரிந்தது.

கோடரி எடுக்கும் ஆவியைப் பற்றி அவன் கேள்விப்பட்டதே இல்லை.

வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. மாடுகளை விட்டுவிட்டு அக்சின்யாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று மனசு சொன்னது. கன்றாக இருக்கும்போது தன் படுக்கையோரம் கிடத்தி வளர்த்த மாடுகள் என்று அவள் அடிக்கடி சொல்வாள். கையோடு கொண்டு வந்திருந்த டயர் கழற்றும் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. வெண்புகை சுருண்டு உள்ளே வந்தது. அதற்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது. தலை வெள்ளை, புருவம் வெள்ளை, வாய் இருக்க வேண்டிய இடத்திலும் வெள்ளை. ஒரு கையில் கோடரி, மறு கையில் வாளி.

தெரெந்தி அலறினான். உருவம் அவனைவிட உரக்க அலறி, கோடரியைப் போட்டுவிட்டு வாளியால் அவன் மண்டையில் ஓங்கி அடித்தது.

"ஐயோ, அம்மா!"

"தெரெந்தியா?" உருவம் கம்பளித் துணியை வாயிலிருந்து இறக்கியது. பக்கத்து வீட்டு பெக்லா. "அடப்பாவி, நீயா? என் அடுப்புல அடை போட்டு மூச்சு முட்டப் புகை வச்சது நீதானா?"

"அக்கா... உங்க அடுப்பா?"

"என் கதவுக்குப் பூட்டுப் போட்டதும் நீதான்! நாலு மணிக்கு வந்து பார்த்தா பூட்டு. உள்ளே மாடு கத்துது. கயிறு கட்டியும் அடங்காத ஆவி பூட்டிடுச்சுன்னு நெனச்சு அழுதுகிட்டே கோடரியால வெட்டினேன்டா. நேத்து ரெண்டாம் தடவை வர்றப்ப என் பின்னாலயே நடந்து வந்தது எது? அதுவும் நீதானே?"

"இது எங்க கொட்டில் அக்கா. பின்வாசல்ல இறங்கி வேலியைப் பிடிச்சு நேரா..."

"எந்தக் கைப்பக்கத்து வேலி?"

தெரெந்தி இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டான். "இடது."

"இடது என்னுதுடா! உன் வேலி வலது! எனக்கும் மூணு மாடுன்னா, மாட்டைப் பார்த்தாவது தெரிய வேண்டாமா?"

முதலில் தெரெந்திக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் முகம் வெளுத்தது.

"அக்கா. அப்ப எங்க மாடுங்க?"

பெக்லா வாளியைக் கீழே போட்டாள். மூன்று நாள். ஐம்பத்தேழு டிகிரி. அடுப்பில்லாத கொட்டில்.

இருவரும் ஓடினார்கள். தெரெந்திக்குக் கையுறை போட மறந்துபோயிற்று. வலது வேலியைப் பிடித்து ஓடும்போது கண்ணில் வந்த நீர் இமையை ஒட்டவைத்தது. ஒற்றைக் கண்ணோடு ஓடினான். மரமாக விறைத்து நிற்கும் மூன்று மாடுகள் அந்தக் கண்ணுக்குள் நின்றன. அக்சின்யாவிடம் எந்த வாயால் சொல்வான்? ஒன்பது லிட்டர் என்ற அதே வாயாலா?

கதவை எட்டியவன் திறக்கத் துணியாமல் நின்றான். "நீங்க திறங்க அக்கா."

"உன் மாடு, நீ திற."

கண்ணை மூடிக்கொண்டு தள்ளினான்.

முகத்தில் வெதுவெதுப்பு அடித்தது. அடுப்பு எரிந்தது. மூன்று மாடுகளும் வைக்கோல் மென்றுகொண்டிருந்தன. தரை சுத்தமாக இருந்தது. நடுவில் ஒரு வாளி, அதில் இப்போதுதான் கறந்த பால், ஆவி பறக்க. அடுப்பு மேடையில் சுட்ட மீன் முள் இரண்டு.

தெரெந்தி மெதுவாகத் திரும்பினான். "அக்கா, நீங்கதானே...?"

பெக்லா தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். "சத்தியமா நான் இந்தப் பக்கமே வரலைடா."

மூலையில் வைக்கோல் அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு, அப்புறம் கம்பளித் தொப்பி வைத்த ஒரு தலை எழுந்து, கலைந்த முடியிலிருந்து துரும்பைத் தட்டிவிட்டு, அவனை ஏற இறங்கப் பார்த்தது.

"பனிமூட்டத்துல விமானம் கிளம்பவே இல்ல தெரெந்தி. திரும்பி வந்தவ, நீ ஒரு நாளாவது இந்தக் கதவைத் திறக்கறியான்னு பார்க்கலாம்னுதான் மூணு நாளா இங்கேயே படுத்திருக்கேன். சொல்லு, இன்னிக்கு எத்தனை லிட்டர்?"