கொலை சாரும் கிழிந்த கடைசி அத்தியாயமும்

தாம்பரத்துக்குத் தெற்கே, கொலைகளைப் பற்றி அவ்வளவு நிம்மதியாகப் பேசக்கூடிய மனிதர் இன்னொருவர் இருக்க முடியாது. மற்றவர்கள் சாயங்காலக் காற்றில் உட்கார்ந்து சர்க்கரை அளவு, பிளாட் விலை, பிள்ளைகளின் விசா என்று பேசுவார்கள். இவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "ஏழுமலை, விஷம் டீயில இல்ல, கப்புல தடவியிருக்கான்" என்பார். சொல்லிவிட்டு, நல்ல பாட்டு கேட்டவர் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்.

நான் அப்போது மாடம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பகல் நேர செக்யூரிட்டி. ஐந்தாவது வரை படித்தவன். தமிழை மெதுவாகப் படிப்பேன். இங்கிலீஷில் வண்டி நம்பர் மட்டும் படிப்பேன். பேச்சு இன்னும் மோசம். "வணக்கம் சார்" என்பதையே மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன். அப்படிப்பட்ட என்னைத்தான் அவர் பேச்சுத் துணைக்குத் தேர்ந்தெடுத்தார்.

அவருக்குக் 'கொலை சார்' என்று பெயர் வைத்தது, மாடிப்படி பெருக்கும் சரோஜா அக்கா. அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்று இவர் என்னை மோட்டார் ரூம் பக்கம் கூட்டிப்போய் விளக்கிக்கொண்டிருந்தார். "பாடியை சம்ப்புல போட முடியாது, மூடி சின்னது. லிஃப்ட் குழி பரவால்ல. ஆனா மழை பெஞ்சா தண்ணி நிக்கும், மிதந்துடும்."

அவர் லிஃப்டில் ஏறியதும் அக்கா துடைப்பத்தோடு என்னிடம் வந்தார்.

"இன்னாண்ணா, அந்த ஆளு இன்னா வேல பாக்குறாரு?"

"கிண்டியில இன்சூரன்ஸ் ஆபீஸுக்கா. கணக்கு பாக்குறாரு."

"கணக்கு தீக்கிறவரு மாரி கீறாரே. பொணத்த எங்க வெக்கலாம்னு எடம் பாத்துகினு கீறாரு. நா நாளைலேந்து வர்ல."

எல்லாம் கதைப் புத்தகத்தில் வரும் கொலைகள் என்று நான் சொல்லிப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன். அக்கா வேலையை விடவில்லை. ஆனால் அவருடைய மாடியை மட்டும் துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டுதான் பெருக்குவார். அசோசியேஷன் கூட்டத்திலும் சார் எழுந்து லிஃப்ட் குழி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பிணத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசியதால், குழிக்கு ஒரு பம்ப் வைத்தார்கள். மர்ம நாவல்களால் அந்தக் குடியிருப்புக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான்.

கொலை சார் வேலை முடிந்து தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கியதும், ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள பேப்பர் கடையில் கையடக்க மர்ம நாவல் ஒன்று வாங்குவார். வாங்கியவர் நேராக வீட்டுக்குப் போக மாட்டார். கேட் பக்கத்தில் இருக்கும் என் செக்யூரிட்டி கூண்டுக்குள் வந்து, மேசைமேல் இருக்கும் இரும்பு ஸ்கேலை வைத்து, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைச் சுத்தமாகக் கிழித்து என் கையில் கொடுப்பார்.

"எனக்குக் கட்டுப்பாடு கிடையாது ஏழுமலை. பஸ் கேம்ப் ரோடு வர்றதுக்குள்ளயே கை தானா கடைசிப் பக்கத்துக்குப் போகுது, பிடிச்சு நிறுத்திட்டு வர்றேன். இதை வச்சுக்கோங்க. நான் கெஞ்சினாலும் கொடுக்காதீங்க. நாளைக்கு வந்து கொலைகாரன் யாருன்னு சொல்றேன். நீங்க படிச்சு வச்சு மார்க் போடுங்க."

பத்திரமான இடம் என்று எனக்கு இருந்தது சாப்பாட்டுப் பை ஒன்றுதான். அதில் வைப்பேன். "உங்ககிட்ட வர்ற கொலைகாரன் எல்லாம் சாம்பார் வாசனையோட வர்றான்" என்று சார் சொல்வார்.

அப்படியே நான் நூற்றுக்கணக்கான கதைகளின் முடிவை மட்டும் படித்தவன் ஆனேன். கொன்றது யார் என்று தெரியும். செத்தது யார் என்று தெரியாது. மறுநாள் சாயங்காலம் சார் வந்து முதலிலிருந்து சொல்லும்போதுதான் செத்தவர் மேல் எனக்குப் பரிதாபம் வரும்.

கதையைச் சொல்லி முடித்ததும் என் முகத்தையே உற்றுப் பார்ப்பார்.

"டாக்டர்தான்."

நான் கேட்டைப் பார்ப்பேன்.

"டாக்டர் இல்ல. நீங்க இப்ப எச்சில் முழுங்கினீங்க. அப்ப வக்கீல்."

கூச்சப்படுகிறவன் முகத்தில் ஒன்றும் தெரியாது. அது ஒரு தகுதியாக எனக்குப் பயன்பட்ட ஒரே வேலை அதுதான். டாக்டர், வக்கீல், வேலைக்காரி, ஊரில் இல்லாத தம்பி என்று எல்லோரையும் சந்தேகப்பட்டுவிட்டு, கொலைகாரனை மட்டும் விட்டுவிடுவார். இத்தனை படித்தும் ஒருமுறைகூட அவர் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் அவர் கதை சொல்லும் நேரம் இருக்கிறதே, அது வேறு ஒரு உலகம். ஏரிப் பக்கமிருந்து காற்று வரும். மேலே பயிற்சி விமானம் ஒன்று வண்டு மாதிரி சுற்றும். வெயில் மஞ்சளாகிக் கார்கள் மேல் சாயும்போது, கதையில் வரும் மலை பங்களாவின் பனி எங்கள் பார்க்கிங்கில் இறங்குவது போல எனக்குத் தோன்றும். கம்பளிக் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் பனிக்குள் நடந்து வருவார். ஜமீன்தாரின் இரண்டாவது மனைவி, தண்ணீர்க் கேன் வண்டிக்குப் பின்னால் நின்று யாருக்கோ காத்திருப்பார். விசிட்டர் இடத்தில் துப்பறிபவரின் கார் நிற்கும். இவர்களெல்லாம் என் கேட்டுக்கு வந்திருந்தால் போன் நம்பர் வாங்கிக்கொண்டுதானே உள்ளே விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன்.

செக்யூரிட்டியைப் பற்றி அவரே ஒருநாள் சொன்னார். "எந்த எழுத்தாளரும் செக்யூரிட்டியை மதிக்கறதில்ல. ஒண்ணு தூங்கறான், இல்ல முதல் ஆளா சாவறான்."

"ஆமா சார்" என்றேன். அந்த வாரம் நான் பேசியதில் அதுவே நீளமானது.

இவ்வளவு பேசுகிற மனிதருக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. மனைவி பேங்கிலிருந்து வர நேரமாகும். ஒரே மகள் நிவேதா பிளஸ் ஒன். அவள் கேட்டது காமர்ஸ். இவர் சேர்த்தது கம்ப்யூட்டர். அன்றிலிருந்து அவள் இவரிடம் பேசுவது "ம்" மட்டும்தான். சாப்பிட்டாயா என்றாலும் ம், பணம் வேண்டுமா என்றாலும் ம்.

"இதுல மர்மமே இல்ல ஏழுமலை" என்றார் ஒருநாள். "குற்றவாளி நான். காரணமும் தெரியும். ஆனா கதை மட்டும் முடிய மாட்டேங்குது."

அதற்குப் பிறகு அவர் புது வழி ஒன்று பிடித்தார். பெண் சோபாவில் போட்டுவிட்டுப் போகும் இங்கிலீஷ் நாவல்களை, அவள் டியூஷன் போன நேரத்தில் எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். அவள் மனதில் என்ன இருக்கிறது என்பதற்கு அதில் துப்பு கிடைக்குமாம். அவை அவள் வயசுப் பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்ட கதைகள். அவற்றைப் பற்றி அவருக்குக் கடுமையான அபிப்பிராயங்கள் இருந்தன.

"எல்லாக் கதையிலயும் அப்பா அம்மா முதல் அத்தியாயத்திலயே செத்துடறாங்க. உயிரோட இருந்தா டியூஷனுக்கு அனுப்பிடுவாங்களே, அப்புறம் உலகத்தை யாரு காப்பாத்தறது?"

இன்னொரு நாள்: "உலகமே அழிஞ்சுபோச்சு. குடிக்கத் தண்ணி இல்ல. ஆனா அந்தப் பையன் முடி மட்டும் நெத்தியில பட்டு மாதிரி விழுதாம். ஷாம்பூ யாரு வாங்கித் தந்தா?"

இன்னும் ஒரு நாள்: "சின்னதுங்க தப்பு பண்ணா அது தைரியம். அப்பன் பண்ணா அது கொடுமை." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். சளி என்றார். முந்தின இரவு முழுக்க அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறார் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் காலை ஸ்கூல் வேனுக்காக நின்ற நிவேதா என் கூண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, அப்பா அந்த நீல அட்டை புக்கைப் பத்தி என்ன சொன்னார்?"

"ஷாம்பூ பத்தி கேட்டாரும்மா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். புத்தகங்களை அவள் சோபாவில் மறந்துவிட்டுப் போகவில்லை, வேண்டுமென்றேதான் வைத்துவிட்டுப் போகிறாள் என்று அப்போது புரிந்தது.

"அவர் படிக்கிறது மட்டும் என்னவாம்? ஒரே ஊர்ல மாசாமாசம் கொலை நடக்குது. ஆனா ஒருத்தரும் வீட்டைக் காலி பண்ண மாட்டேங்கறாங்க. வாடகை அவ்வளவு கம்மியா? இதை நான் சொன்னேன்னு சொல்லாதீங்கண்ணா. ஆனா அவர் காதுல விழணும்."

சாயங்காலம், என் கருத்து போல அதைச் சொன்னேன். கொலை சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஏழுமலை, நீங்க எங்கேயோ இருக்க வேண்டியவர்."

அதன் பிறகு தினமும் இதே வேலை. காலையில் பெண் சொல்வாள், மாலையில் நான் சொல்வேன். அவர் பதில் சொல்வார், அது மறுநாள் காலையில் வேன் ஏறும். துப்பறிபவர் ஏன் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து விளக்கம் சொல்கிறார், கொலைகாரன் ஏன் ஓடாமல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நான் கேட்ட அன்று, இந்த ஆள் பெரிய விமர்சகர் என்று சார் மாடி மாடியாகச் சொல்லிவிட்டார். அசோசியேஷன் செகரட்டரி வந்து, ஆண்டு விழாவில் பேச முடியுமா என்று என்னைக் கேட்டார். நான் மோட்டார் போடப் போவதாகச் சொல்லிவிட்டு மொட்டைமாடியில் வெகுநேரம் நின்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சார் நிவேதாவின் தடிப் புத்தகம் ஒன்றோடு வந்தார். பேசிக்கொண்டே ஸ்கேலை எடுத்தார். கை பழக்கத்தில் கடைசி அத்தியாயம் கிழிந்து என் கைக்கு வந்துவிட்டது.

"சார், இது பாப்பா புக்காச்சே."

அவர் ஸ்கேலைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். "அவ இன்னும் பாதிதான் தாண்டியிருக்கா. நான் நாளைக்குப் பசை போட்டு ஒட்டிடறேன். அதுவரைக்கும் உள்ள வைங்க."

மறுநாள் லீவு. அவள் மத்தியானம் முழுக்கப் படித்திருக்கிறாள். சாயங்காலம் கொலை சார் பசை டப்பாவோடு என் கூண்டில் வந்து உட்கார்ந்ததும், லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கி ஓடிவந்தாள்.

"அப்பா, கடைசி சாப்டர் எங்க?"

அவர் பசை டப்பாவைக் கையால் மறைத்தார்.

"யாராவது புக்கைக் கிழிப்பாங்களா? அது என் பிரெண்டோட புக்கு. இன்னும் ரெண்டு பக்கம் இருந்தா கதையில அந்தப் பொண்ணு கதவைத் திறந்திருப்பா. எப்படிப்பா மனசு வருது? உங்க கொலைக்கதையை என்ன வேணா பண்ணுங்க, மாசம் ஒரு கொலை நடந்தும் வாடகை குறையாத ஊரு அது..."

நீளமாகத் திட்டினாள். திட்டு வாங்குகிற முகமா அது? தூரத்தில் ரேடியோ பாடுவதைக் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அப்புறம்?" என்றார் மெதுவாக.

பிறகுதான் அவருக்கு உறைத்தது. என் பக்கம் திரும்பினார். "வாடகை... இது நீங்க சொன்னது இல்ல?"

நான் கேட்டைப் பார்த்தேன். அத்தனை கதைகளில் கோட்டைவிட்ட மனிதர், அன்று முதல்முறையாகச் சரியான ஆளைக் கண்டுபிடித்தார்.

"நீயாம்மா?" என்றார்.

"ம்" என்றாள். அது பழைய "ம்" இல்லை.

நான் சாப்பாட்டுப் பையிலிருந்து பக்கங்களை எடுத்து நீட்டினேன். அவள் முகர்ந்து பார்த்து, "வத்தக்குழம்பா அண்ணா?" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "முதல்ல நீங்க சொல்லுங்க. முடிவு என்ன?"

"அந்தப் பொண்ணு அவ அப்பாவைத் தேடிப் போவா. அவர் இருப்பார்."

"அவர்தான் முதல் சாப்டர்லயே செத்துட்டாரே."

"உடம்பு கிடைக்கலையே. உடம்பு கிடைக்கலன்னா ஆள் இருக்கார்னு அர்த்தம். இது ரூல்."

அவள் கூண்டுப் படியில் உட்கார்ந்து படித்தாள். ஒரு கார் வந்தது, நான் கேட்டைத் திறந்து மூடினேன். சார் பசை டப்பாவின் மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"தப்புப்பா" என்றாள் கடைசியில். "அவர் வரல. அவ அவரோட சட்டையைப் போட்டுக்கிட்டுத் தனியா கிளம்பறா."

"அந்தச் சட்டை அவளுக்குப் பெருசா இருக்குமே" என்றார்.

பிறகு, பசை டப்பாவிடம் சொல்வது போலச் சொன்னார். "நீ பேச்சை நிறுத்தின வாரமே ஸ்கூலுக்குப் போனேன். குரூப் மாத்தித் தாங்கன்னு கேட்டேன். சீட்டு இல்லன்னுட்டாங்க. தோத்துட்டு வந்து உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா?"

"காலேஜ்ல நீ கேட்டதுதான். நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீங்களா? வாயே திறக்க மாட்டீங்களா?" என்றாள். கொலை சார் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல வேளை, இன்னொரு கார் வந்தது.

அதற்குப் பிறகு என் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. அப்பாவும் பெண்ணும் சாயங்காலத்தில் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போவார்கள். போகும்போதே சண்டை கேட்கும். திரும்பும்போதும் அதே சண்டை முடியாமல் இருக்கும். நான் கையசைப்பேன், அவர்கள் பேச்சு மும்முரத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள். சரோஜா அக்கா அவருடைய மாடியைத் தனியாகவே பெருக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நாளில் ஏஜென்சிக்காரர்கள் என்னைப் பள்ளிக்கரணைக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி நாள் கொலை சார் கூண்டுக்கு வந்து நின்றார். பெண்ணோடு பேச ஆரம்பித்ததிலிருந்து அவருக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் வந்திருந்தது.

"ஏழுமலை, இவ்வளவு நாள் நானே பேசியிருக்கேன். உங்களுக்கு எந்த மாதிரி கதை பிடிக்கும்னு கேட்கவே இல்லையே."

பதிலை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதற்குள் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. நான் கேட்டுக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் பெண் கூப்பிட்டு அவர் போய்விட்டார்.

பள்ளிக்கரணையில் காலை வேளைகளில் சதுப்பு நிலத்தின் மேல் பனி நிற்கிறது. அதற்குள் பறவைகள் நடப்பதைப் பார்த்தபடி நான் அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து நன்றாகவே பழகிவிட்டேன். எனக்கு முடிவு தெரிந்த கதைதான் சார் பிடிக்கும். அதை நீங்கள் தப்புத்தப்பாகச் சொல்ல வேண்டும்.